பூனையின் சரும அரிப்பும் அதன் காரணத்தைக் கண்டறியும் முறையும்

நெல்லைச் சேமித்து வைக்கும் வீடுகளிற் பூனை வளர்த்தல் நம் நாட்டுக் கமக்காரரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். சுண்டெலிகளையும் எலிக்குஞ்சுகளையும் பிடித்துண்பதனால், நெல் மூடைகளுக்கும் விதைநெல்லுக்கும் உண்டாகும் சேதத்தைப் பூனை ஓரளவு குறைக்கின்றது. அது சிறுவரின் விளையாட்டுத் துணையாகவும் அமைந்து, அவர்களுடைய பாயிலும் மடியிலும் இடம்பெறுகின்றது. ஆதலாற் பூனைக்கு உண்டாகும் சருமநோய் பூனையோடு நின்றுவிடும் காரியமன்று. அந்நோய்களுட் சில வீட்டாருக்கும் தொற்றுவன. காரணம் அறியாது செய்யப்படும் சிகிச்சையோ நோயினும் கொடிதாக முடிதல் உண்டு.

நெற்பயிரின் இலை மஞ்சள் நிறமடைந்தால், அதற்குப் பசளைக் குறைவு காரணமாகலாம். நீர் வடியாமை காரணமாகலாம். பூச்சியின் தாக்கமும் காரணமாகலாம். காரணத்தை ஆராயாது யூரியாவை வீசுபவர் பணத்தையும் பயிரையும் ஒருங்கே இழப்பர். பூனையின் அரிப்பும் இத்தகையதே. அறிகுறி ஒன்று, காரணங்கள் பல. அவற்றை ஒழுங்குமுறையாக ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சுவது யாதெனக் காண்பதே சரியான வழியாகும். அம்முறையை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

ஒவ்வாமை என்பது யாது?

உடலானது கிருமிகள் முதலிய அந்நியப் பொருள்களை எதிர்த்துத் தன்னைக் காக்கும் ஆற்றல் வாய்ந்தது. சில வேளைகளில் இவ்வாற்றல், தீங்கற்ற ஒரு பொருளையும் பகையெனக் கருதி அளவுக்கு மீறி எதிர்க்கின்றது. அதன் பயனாகத் தோல் சிவந்து, தடித்து, அரிப்பெடுக்கின்றது. இதுவே ஒவ்வாமை எனப்படும். நெடுநாளாகத் தீங்கின்றி உண்டுவந்த உணவும் ஒருநாள் ஒவ்வாததாக மாறலாம். "இத்தனை ஆண்டுகளாக இதே மீனைத்தானே தின்கின்றது" என்று கூறி, உணவின்மீது ஐயமில்லையென முடிவுசெய்தல் தவறாகும்.

அரிப்பைக் காட்டும் அடையாளங்கள்

நாயைப் போலன்றிப் பூனை பெரும்பாலும் தனித்திருந்து உடலை நக்கும். அதன் நாக்கு அரம்போற் கரகரப்பானது. இடைவிடாது நக்குவதனால் மயிர் அறுந்து போகின்றது. எனவே, "பூனை சொறிவதில்லை, மயிர்தான் உதிர்கின்றது" என எண்ணுவோர் பலர். பின்வரும் அடையாளங்களைக் கவனித்தல் வேண்டும்:

வயிறு, விலாப்புறம், பின்தொடை ஆகியவற்றில் மயிர் குறைந்து, தடவும்போது குத்துமயிராகத் தோன்றுதல். முதுகிலும் கழுத்திலும் தினையளவான சிறு பொருக்குகள் கைக்குப் புலப்படுதல். தலையும் கழுத்தும் சொறிந்து புண்ணாதல். மேலுதட்டிற் புண் உண்டாதல். வயிற்றிலோ தொடையிலோ சிவந்து தடித்த ஈரமான மேடுகள் தோன்றுதல்.

இவ்வடையாளங்கள் அரிப்பு உண்டென்பதை மாத்திரம் கூறும், காரணத்தைக் கூறமாட்டா. காரணத்தை அறியப் பின்வரும் ஒழுங்கிற் சோதித்தல் வேண்டும்.

1. தெள்ளு

அரிப்பின் காரணங்களுள் மிகச் சாதாரணமானது தெள்ளு. தெள்ளு கடிக்கும்பொழுது அதன் உமிழ்நீர் தோலினுட் செல்கின்றது. ஒவ்வாமையுள்ள பூனைக்குச் சில தெள்ளுகளின் கடியே போதியதாகும். பூனை தன்னை நக்கும்போது தெள்ளுகளை விழுங்கிவிடுவதால், அவை கண்ணிற் படாமலும் போகலாம். ஆகவே, தெள்ளைக் காணவில்லை என்பதனால் தெள்ளு இல்லையென்று கொள்ளலாகாது.

சோதிக்கும் முறை எளிது. பேன் சீப்பினாற் பூனையின் முதுகையும் வாலடியையும் வாரி, சீப்பில் வந்த கருந்துகள்களை நனைத்த வெள்ளைத் துணியின்மீது இடுக. சிறிது நேரத்தில் துகளைச் சுற்றிச் செங்கபில நிறம் பரவினால், அது தெள்ளின் எச்சமாகும். அந்நிறம் பூனையின் இரத்தமே. வெறும் மண்ணாயின் இவ்வாறு நிறம் மாறாது. மலவாயைச் சுற்றி அரிசிமணி போன்ற துண்டுகள் காணப்படினும் தெள்ளை ஐயுறுதல் வேண்டும். தெள்ளை விழுங்குவதனாற் பரவும் நாடாப்புழுவின் துண்டுகள் அவை.

தெள்ளின் முட்டைகள் பூனையின் உடலிலிருந்து உதிர்ந்து, நிலத்திலும் சாக்கிலும் பாயிலும் விழுகின்றன. அங்கே புழுவாகிக் கூட்டுப்புழுவாகிப் பின் தெள்ளாகின்றன. வெப்பமும் ஈரமும் பொருந்திய காலத்தில் இம்மாற்றம் மூன்று நான்கு வாரங்களில் முடிவடையும். கூட்டினுள் இருப்பவை பல மாதங்களும் காத்திருக்க வல்லன. ஆகவே, பூனைக்கு மாத்திரம் ஒருமுறை மருந்திடுவதாற் பயனில்லை. வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும், கால்நடை வைத்தியர் குறித்த மருந்தை, அவர் கூறிய இடைவெளியிற் குறைந்தது 3 மாதங்களுக்கு இடுதல் வேண்டும். பூனை படுக்கும் சாக்கையும் துணியையும் வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துக. மூலை முடுக்குகளைக் கூட்டி, அக்குப்பையை எரித்துவிடுக.

தெள்ளை முதலில் ஒழிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது எஞ்சியிருக்குமாயின், பின்னர் செய்யப்படும் உணவுச் சோதனை முதலியவை தெளிவான முடிவைத் தரமாட்டா.

2. சிற்றுண்ணிகள்

கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிகள் தோலைத் துளைத்து வாழ்வதனாற் சொறி உண்டாகின்றது. இது பெரும்பாலும் காதின் ஓரத்திற் தொடங்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பரவும். தோல் தடித்துச் சாம்பல் நிறப் பொருக்குப் படியும். அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும். ஒரு பூனையிலிருந்து மற்றொன்றுக்கு விரைவிற் பரவுவதோடு, பூனையைத் தூக்குவோரின் கையிலும் சில நாட்களுக்கு அரிப்பை உண்டாக்கும்.

காதினுள்ளே வாழும் சிற்றுண்ணி வேறொருவகை. காதினுட் கோப்பித்தூள் போன்ற கரிய அழுக்குச் சேர்ந்திருப்பதும், பூனை அடிக்கடி தலையை உதறுவதும் இதன் அடையாளங்கள். கால்நடை வைத்தியர் தோலைச் சுரண்டி எடுத்த துகளையும் காதழுக்கையும் நுணுக்குக்காட்டியிற் பார்த்து இவற்றை உறுதிசெய்வார். தகுந்த மருந்தினால் இவை முற்றாகக் குணமாகும்.

3. படர்தாமரை

இது பங்கசினால் உண்டாவது; ஒவ்வாமை அன்று. வட்டமாக மயிர் உதிர்ந்து, செதிள் படிந்து, ஓரத்து மயிர்கள் முறிந்து காணப்படும். அரிப்பு இல்லாமலும் இருக்கலாம். பூனைக்குட்டிகளிடத்தே இது மிகுதி. சிறுவரின் கை, கழுத்து, தலை ஆகிய இடங்களில் வட்டமான சிவந்த படைகள் தோன்றினால், வீட்டுப் பூனையையும் சோதித்தல் வேண்டும். நோயுற்ற பூனையின் மயிரும் செதிளும் பல மாதங்களுக்குத் தொற்றும் தன்மையன. ஆகையால், குணமாகும்வரை அதனைத் தனியறையில் வைத்து, தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. படை தோன்றிய பிள்ளையை வைத்தியரிடம் காட்டுக.

4. நுளம்புக்கடியும் இரசாயனப் பொருள்களும்

மூக்கின் மேற்புறம், காது மடல், பாதத்தின் அடி ஆகிய மயிர் குறைந்த இடங்களில் மாத்திரம் பொருக்கும் புண்ணும் காணப்படுமாயின், நுளம்புக்கடியை ஐயுறுக. வயல்களில் நீர் தேங்கிநிற்கும் காலத்தில் இது மிகும். பூனையை ஒரு வாரம்வரை நுளம்பு புகாத அறையில் வைத்தால் புண்கள் ஆறத் தொடங்குவதே இதற்குரிய சோதனையாகும்.

பூச்சிகொல்லி, களைகொல்லி ஆகியன சிந்திய நிலத்திலும், வெற்றுப் போத்தல்களும் தெளிகருவியும் வைக்கும் கொட்டிலிலும் நடமாடும் பூனையின் பாதமும் வயிறும் சிவந்து புண்ணாகலாம். இங்கே அரிப்பைவிட நஞ்சே பெரிய அபாயம். தன் உடலிற் படிந்த அனைத்தையும் பூனை நக்கி உட்கொள்ளும். மருந்து பட்டதெனத் தெரிந்தால், கையுறை அணிந்து, சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுக. வாயில் நீர் வடிதல், தசை துடித்தல், தள்ளாடல் ஆகியன காணப்படின் தாமதமின்றிக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்க.

5. உணவு

மேற்கூறியவை யாவும் விலக்கப்பட்ட பின்னரும் அரிப்பு நீங்காவிடின், உணவைச் சோதித்தல் வேண்டும். தலையிலும் கழுத்திலும் கடும் அரிப்பு, பருவ வேறுபாடின்றி ஆண்டு முழுவதும் நீடித்தல், இடையிடையே வாந்தி அல்லது வயிற்றோட்டம் ஆகியவை உணவின்மீது ஐயத்தை மிகுவிப்பன. மாட்டிறைச்சி, மீன், கோழியிறைச்சி ஆகிய மூன்றுமே பூனைகளிற் பெரும்பாலும் காரணமாகக் காணப்பட்டவை. இரத்தச் சோதனையால் இதனை நம்பத்தக்க விதத்தில் அறிய முடியாது. உணவை மாற்றிப் பார்த்தலே வழி.

பூனை இதற்குமுன் உண்டிராத ஒரேவகை இறைச்சியைத் தெரிந்தெடுக்க. நாள்தோறும் மீனும் கோழியும் உண்ட பூனைக்கு ஆட்டிறைச்சி அல்லது முயலிறைச்சி பொருந்தும். அதனை நீரில் அவித்துக் கொடுக்க. உப்பு, மிளகாய், வெங்காயம், உள்ளி எவையும் சேர்க்கலாகாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பன. 8 வாரங்களுக்கு இவ்வுணவும் நீருமன்றி வேறெதுவும் கொடுத்தலாகாது. பாலும், நெத்தலித் தலையும், சிறுவர் இடும் ஒரு துண்டுக் கருவாடும் சோதனையைக் கெடுத்துவிடும். அவித்த இறைச்சி மாத்திரம் நெடுங்காலத்துக்குப் போதிய போசணை தராது. ஆகவே தொடங்குமுன் கால்நடை வைத்தியரைக் கலந்துகொள்க. வளரும் குட்டிகளுக்கும் சினைப்பட்ட பூனைக்கும் அவருடைய ஆலோசனையின்றி இதனைச் செய்யலாகாது. பூனை இரண்டு நாட்கள் உணவை மறுத்தால் சோதனையை நிறுத்துக. பட்டினியாற் பூனையின் ஈரல் கெடும்.

கமக்கார வீடுகளில் இச்சோதனைக்கு இடையூறாவது எலியே. எலியையும் பல்லியையும் பிடித்துண்ணும் பூனையின் உணவு நம் கட்டுப்பாட்டில் இல்லை. ஆதலால், 8 வாரங்களுக்கும் பூனையை வீட்டினுள் அடைத்து வைத்தல் வேண்டும். அக்காலத்தில் நெல் வைத்த இடத்தில் எலிப்பொறிகளை வைக்க. நச்சுத்தீன் வைத்தலாகாது, நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனையும் இறக்கக்கூடும்.

அரிப்புக் குறைந்தால் அத்துடன் முடிவுசெய்யலாகாது. அடைத்து வைத்ததனால் நுளம்பும் தூசியும் இரசாயனப் பொருளும் கூட விலகியிருக்கலாம். எனவே, பூனையை வெளியே விடாமல், பழைய உணவை மாத்திரம் மீண்டும் கொடுத்துப் பார்க்க. 2 வாரங்களுள் அரிப்பு மீண்டும் தோன்றினால் உணவே காரணமென்பது உறுதி. பின்னர் மீன், கோழி, பால் என ஒவ்வொன்றையும் 2 வாரங்கள் தனித்தனியே கொடுத்து, ஒவ்வாதது எதுவென அறிந்து அதனை விலக்கலாம்.

6. தூசியும் மகரந்தமும்

இவையனைத்தும் காரணமல்லவெனத் தெளிந்த பின்னரே, காற்றில் வரும் பொருள்களைக் காரணமாகக் கொள்ளல் வேண்டும். வீட்டுத்தூசியில் வாழும் சிற்றுண்ணிகள், புற்களின் மகரந்தம், பூஞ்சணம் ஆகியன இவ்வகையின. இவ்வொவ்வாமையை முற்றாக நீக்குதல் அரிது. எனினும், பூனை சாக்கின்மீதும் வைக்கோலின்மீதும் படுக்காதவாறு தடுத்து, கழுவக்கூடிய துணியைப் படுக்கையாக அளித்து, கால்நடை வைத்தியர் தரும் மருந்தை ஒழுங்காகக் கொடுத்துவந்தால், பூனை துன்பமின்றி வாழும்.

குறிப்பு எழுதி வைத்தல்

விதைத்த நாளையும் பசளையிட்ட நாளையும் குறித்து வைப்பதுபோல், பூனையின் நோய்க்கும் ஒரு குறிப்பு வைத்தல் நன்று. அரிப்புத் தொடங்கிய மாதம். காலபோகத்திலா சிறுபோகத்திலா மிகுந்தது. சூடடிக்கும் காலத்திற் கூடியதா. அண்மையில் மருந்து தெளித்த நாள். உணவில் நேர்ந்த மாற்றம். வீட்டில் வேறெவருக்கும் அரிப்பு உண்டா. கொடுத்த மருந்தும் அதன் பயனும் ஆகியவற்றை எழுதுக. ஒரே வேளையில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதிருத்தல் வேண்டும். செய்தால், குணம் எதனால் வந்ததென அறிய இயலாது.

செய்யத்தகாதவை

பயிருக்குரிய பூச்சிகொல்லியைப் பூனைக்கு இடலாகாது. பூனைக்குரிய மருந்திலும் பயிருக்குரிய மருந்திலும் ஒரே இரசாயனப் பெயர் காணப்படலாம். ஆயினும் அவற்றின் செறிவும் கலப்பும் வேறானவை.

நாய்க்குரிய தெள்ளு மருந்தைப் பூனைக்கு இடலாகாது. அவற்றுட் சிலவற்றிலுள்ள பேர்மெதிரின் என்னும் பொருள் நாய்க்குத் தீங்கற்றது; பூனைக்கோ நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கிக் கொல்ல வல்லது.

மண்ணெண்ணெய், பழைய எந்திர எண்ணெய், பினைல் ஆகியவற்றைப் பூசலாகாது. பூனை அவற்றை நக்கி நஞ்சடையும்.

மனிதருக்குரிய பரசிற்றமோல் மாத்திரையை ஒருபோதும் கொடுக்கலாகாது. ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் போக்கவல்லது.

அரிப்பை உடனே அடக்கும் ஸ்டெரொயிட் ஊசியை அடிக்கடி கேட்டுப் பெறலாகாது. அது அறிகுறியை மறைக்குமேயன்றிக் காரணத்தை நீக்காது. நெடுங்காலம் கொடுப்பதாற் பூனைக்கு நீரிழிவும் உண்டாகலாம்.

சோதிக்கும்போது பூனையைத் துணியாற் சுற்றிப் பிடிக்க. கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவித்தல் வேண்டும்.

சுருக்கம்

முதலிற் தெள்ளு, பின்னர் சிற்றுண்ணியும் படர்தாமரையும், அதன்பின் நுளம்பும் இரசாயனப் பொருளும், அடுத்து உணவு, இறுதியிற் தூசியும் மகரந்தமும். இவ்வொழுங்கை மாற்றாது, ஒவ்வொன்றையும் முற்றாகச் சோதித்து மேற்செல்க. புண்ணிற் சீழ் வடிந்தாலோ, பூனை உணவை மறுத்து மெலிந்தாலோ, வீட்டாருக்குத் தொற்று உண்டானாலோ, சோதனைகள் முடியும்வரை காத்திராது, எழுதிய குறிப்புடன் அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுக.