காரணம் சொல்லாத சர்வர்

எங்கோ இருக்கும் யூனிக்ஸ் சர்வருக்குள் நுழைய முடியவில்லை என்றால், பலரும் முதலில் செய்வது பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பதுதான். அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: நம் கோரிக்கை எதுவரை போய்ச் சேர்ந்தது?

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று சட்டென்று பதில் வந்தால் அது பெரும்பாலும் நல்ல செய்தி. எதிர்முனைக் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது, வழியும் இருக்கிறது. நாம் தட்டிய போர்ட்டில் பதில் சொல்ல எந்த நிரலும் இல்லை. தொலைவிலிருந்து நுழைய விடும் எஸ்எஸ்ஹெச் சேவை நின்றுபோயிருக்கலாம், வேறு போர்ட்டுக்கு மாற்றியிருக்கலாம். ‘டைம்டு அவுட்’ இதற்கு நேர் எதிர். நாம் அனுப்பியதை ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், ஐபி முகவரி தப்பாக இருக்கலாம், கணினியே அணைந்திருக்கலாம். இரண்டுக்கும் பாஸ்வேர்டுக்கும் சம்பந்தமே இல்லை.

‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால்தான் வாசல்வரை போய்விட்டோம் என்று பொருள். உண்மையான சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் சர்வர் காரணத்தைச் சொல்லாது. இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1995-இல் பின்லாந்தில், ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அப்போது எல்லோரும் பயன்படுத்திய டெல்நெட்டும் ஆர்லாகினும் பாஸ்வேர்டை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே அனுப்பின. அங்கிருந்த தாத்து யூலோனென் அதற்கு மாற்றாக எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். எஃப்டிபிக்குப் போர்ட் 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார். திருட்டைத் தடுக்கப் பிறந்த நிரல், வெளியே நிற்கும் எவரையும் நம்பாது. இல்லாத பயனர் பெயரைக் கொடுத்தாலும் அதன் வழிவந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் வழக்கம்போலப் பாஸ்வேர்ட் கேட்கும், சரிபார்ப்பது போலவே நேரம் எடுத்துக்கொள்ளும், பிறகு அதே ‘டினைட்’ என்று சொல்லும். பெயர் தப்பா, பாஸ்வேர்ட் தப்பா என்று தெரிந்தால் திருடனுக்குப் பாதி வேலை மிச்சம். நியாயமாக நுழைய வந்தவருக்கு இது எரிச்சல்தான். ஆனால் இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

எனவே காரணத்தைத் தேட வேண்டிய இடம் சர்வரின் லாக். டெபியன் வகைகளில் வழக்கமாக ‘ஆத்.லாக்’, ரெட்ஹேட் வகைகளில் ‘செக்யூர்’. அடிக்கடி நடக்கும் ஒன்றைப் பாருங்கள். நேற்றுவரை பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாவிக் கோப்பு வைத்து நுழைந்தவருக்கு இன்று வழியில்லை. சாவி மாறவில்லை, சர்வரும் மாறவில்லை. கட்டளையோடு ‘-வி’ சேர்த்து ஓட்டினால், சாவியை நீட்டியதும் சர்வர் கண்டுகொள்ளாமல் போவதும் தெரியும். ஏன் என்பது தெரியாது. லாகில் ஒரே வரியில் இருக்கும்: கோப்புறையின் அனுமதிகள் சரியில்லை. வேறொரு வேலைக்காக யாரோ அந்தப் பயனரின் ஹோம் கோப்புறையில் எல்லோரும் எழுதலாம் என்று மாற்றியிருப்பார்கள். பிறர் எழுத முடிகிற இடத்தில் பிறர் தங்கள் சாவியையும் கொண்டுவந்து வைக்கலாம் அல்லவா? அதனால் அங்கிருக்கும் எந்தச் சாவியையும் சர்வர் நம்பாது. ஹோமில் பிறருக்கு இருக்கும் எழுதும் உரிமையை எடுத்துவிட்டு, ‘.எஸ்எஸ்ஹெச்’ கோப்புறைக்கு 700, உள்ளே இருக்கும் சாவிப் பட்டியலுக்கு 600 என்று வைத்தால் கதவு திறந்துவிடும்.

உள்ளே போகவே முடியாதவர் லாகை எப்படிப் படிப்பது? நேரடிக் கன்சோல் வேண்டும், அல்லது உள்ளே இருக்கும் ஒருவர் வேண்டும். அதனால்தான் எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பைத் தொடும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடக் கூடாது. சேவையை மறுபடி தொடங்கினாலும் அந்த இணைப்பு அறுபடாது. இன்னொரு விண்டோவில் நுழைந்து பார்த்த பிறகு மூடலாம்.

சர்வரின் அடையாளச் சாவி மாறிவிட்டது என்ற பெரிய எச்சரிக்கை வந்தால், நம் கணினி அந்தச் சாவியைக் குறித்துவைத்திருக்கும் பழைய வரியை அழித்துவிட்டு மேலே போகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சர்வரைப் புதிதாக நிறுவியிருந்தால் பரவாயில்லை. அது உறுதியாகத் தெரியாதவரை அழிக்காதீர்கள்; நடுவில் யாரேனும் உட்கார்ந்திருந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும்.

தோல்வி மட்டுமல்ல, தாமதமும் ஒரு அறிகுறி. பழைய சர்வர்களில் நுழைவு பல நொடிகள் இழுத்தால், வருபவரின் ஐபிக்குப் பெயர் தேடி டிஎன்எஸ்ஸிடம் காத்திருப்பது ஒரு வழக்கமான காரணம். ஆனால் 2024-இல் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் கவனித்தது வெறும் அரை நொடி. 0.3 நொடியில் முடியவேண்டிய எஸ்எஸ்ஹெச் நுழைவு 0.8 நொடி எடுத்தது. அந்த நேரம் எங்கே செலவாகிறது என்று அவர் தோண்டிப் பார்த்தார். எஸ்எஸ்ஹெச்சுக்குத் தேவையே இல்லாத, சில லினக்ஸ் பதிப்புகளில் வேறொரு நூலகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்க நூலகத்தில் போய் நின்றது அது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், வெளியிலிருந்து ஒருவர் சர்வரைக் கைப்பற்றும் கள்ளவாசலை யாரோ பொறுமையாகப் புதைத்து வைத்திருந்தார்கள். மார்ச் 29 அன்று அவர் அதை வெளிப்படுத்தியபோது, டெபியன், ரெட்ஹேட் போன்றவற்றின் நிலைத்த பதிப்புகளுக்குள் அது இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை.