முட்டையைக் கழுவலாமா?

ஒரு பாத்திரத்தில் வெந்நீர் எடுத்துக்கொண்டு, அதில் ஒரு கோழிமுட்டையை மெல்ல இறக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் முட்டையின் அகன்ற முனையிலிருந்து சின்னஞ்சிறு குமிழிகள் கிளம்பும். ஓட்டில் விரிசல் ஏதும் இல்லை. அப்படியானால் இந்தக் காற்று எவ்வழியாக வெளிவருகிறது?

முட்டை ஓடு பார்வைக்குச் சுவர்போல் இருந்தாலும், உண்மையில் அது ஒரு சல்லடை. அதில் ஏறத்தாழ 10,000 நுண்துளைகள் உள்ளன. உள்ளே வளரும் குஞ்சு சுவாசிப்பதற்கு இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. ஆனால் காற்று செல்லும் வழியில் கிருமியும் செல்லலாம் அல்லவா? கோழியின் எச்சத்திலிருந்து ஓட்டில் ஒட்டும் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியாவின் அகலம் சுமார் 1 மைக்ரான்தான். துளைகளோ அதைவிட அகலமானவை. இக்கிருமி உடலில் புகுந்தால் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாகும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இது உயிராபத்தாகவும் முடியலாம்.

முட்டையின் மேலுள்ள மெல்லிய புரதப் படலம் துளைகளின் வாயை மூடிக் காக்கிறது. தேய்த்துக் கழுவினால் இப்படலம் சிதைந்துவிடும். குளிர்ந்த நீரில் கழுவினால் இன்னொரு தீங்கும் நேரும்.

கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41° செ. இட்ட முட்டை குளிரும்போது உள்ளிருக்கும் பொருள் சுருங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று நுழைகிறது. அகன்ற முனையிலுள்ள காற்றறை இவ்வாறு தோன்றியதே. இப்போது 32° செ. வெப்பநிலையிலுள்ள முட்டையை 10° செ. நீரில் இடுவதாகக் கொள்வோம். சார்லஸ் விதிப்படி, காற்றறையிலுள்ள காற்று 305 கெல்வினிலிருந்து 283 கெல்வினுக்குக் குளிரும்போது, அதன் பருமன் நூற்றுக்கு ஏழு பங்கு குறைய வேண்டும். சுற்றிலும் இருப்பது நீர். எனவே நீரே உள்ளே உறிஞ்சப்படும். ஓட்டின் மேலிருந்த கிருமிகளும் அதனுடன் செல்லும்!

இதனால்தான் அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதிகள், கழுவும் நீர் குறைந்தது 32° செ. இருக்க வேண்டும் என்றும், முட்டையைவிட 11° செ. ஆவது சூடாக இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. கழுவிய முட்டைகளைக் கிருமிநாசினி நீரால் அலசி, உலர்த்தி, குளிரில் வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலோ, முதல் தர முட்டைகளைப் பொதுவாகக் கழுவவே கூடாது. இயற்கைப் படலத்தைக் காப்பதே அங்குள்ள முறை.

நீரின்றியும் ஓட்டைத் தூய்மை செய்யலாம். 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்கள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. ஆனால் ஒளி நேர்கோட்டில் செல்வதால் அழுக்கின் நிழலில் இருக்கும் கிருமி தப்பிவிடும். ஆகவே முட்டைகளை உருளைகளின்மேல் சுழலவிட்டு, எல்லாப் பக்கமும் கதிர்படச் செய்கிறார்கள்.

எனினும் இம்முறைகள் யாவும் ஓட்டின் மேற்பரப்போடு நின்றுவிடுகின்றன. நோயுற்ற கோழியின் உடலிலேயே, ஓடு உருவாகும் முன்பே, சால்மோனெல்லா முட்டைக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. அதற்கு வெப்பமே மருந்து. சில நாடுகளில் முட்டைகளைச் சுமார் 57° செ. வெந்நீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். வெண்கரு உறையாமல் கிருமி மட்டும் மடிகிறது.

வீட்டில் இத்தனை நுட்பம் தேவையில்லை. விரிசலில்லாத, தூய முட்டைகளை வாங்குங்கள். கழுவிச் சேமிக்காதீர்கள். அழுக்கிருந்தால், சமைப்பதற்குச் சற்று முன் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். முட்டையைத் தொட்ட கையைச் சோப்பினால் கழுவுங்கள். மஞ்சட்கரு கெட்டியாகும்வரை வேகவைத்து உண்ணுங்கள். முதலில் வெந்நீரில் இறக்கினீர்களே, அந்த முட்டையையும்தான்!