கடைசி வேளை எப்போது?

நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அது முதியவர்கள் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம். இரவில் அங்கே பெரும்பாலும் மருத்துவர் இருப்பதில்லை. மருந்தகம் வேறெங்கோ இருக்கும். மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸில் வந்திறங்கும் பாட்டிக்கு அன்றிரவு என்ன கொடுப்பது என்பதை, கூடவே வரும் காகிதம்தான் சொல்லியாக வேண்டும்.

முன்பெல்லாம் அந்தக் காகிதம் கையெழுத்தில் வந்தது. சில நாள் 'வீட்டு மருந்துகளைத் தொடரவும்' என்ற ஒற்றை வரியோடு. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை? இன்சுலின் 10 யூனிட்டை '10யு' என்று ஆங்கில எழுத்தில் சுருக்கினால், அந்த யு சுழியம்போலத் தெரிந்து பத்து நூறாகிவிடும். ஜாயின்ட் கமிஷன் என்ற தரச்சான்று அமைப்பு அந்தச் சுருக்கத்தை 2004இல்தான் விலக்கியது. மறு ஆண்டு, பழைய மருந்துப் பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதைப் பாதுகாப்பு இலக்காக்கியது.

இன்று கணினி அச்சு. எழுத்து தெளிவு, பட்டியல் நீளம். ஆனால் 'எதற்காக', 'எதுவரை' என்ற இரண்டும் இன்னும் விடுபடுகின்றன. எனக்குப் பெரிய கவலை இதுதான். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே. 'தினமும்' என்று தவறாகப் பதிந்துவிட்டால் உயிரையே பறிக்கும். பக்கத்தில் 'மூட்டுவாதம்' என்ற ஒரு சொல் இருந்தால் நர்ஸ் சந்தேகப்பட்டு நிறுத்துவார். தீவிர சிகிச்சையில் வயிற்றுப்புண் வராமலிருக்கத் தொடங்கிய மாத்திரை, முடிவுத் தேதி இல்லாததால் மாதக்கணக்கில் தொடர்கிறது. மனநல மருந்துகளுக்கு மட்டும் 2017 நவம்பர் முதல் ஒரு கடிவாளம் உண்டு: 'தேவைப்பட்டால் கொடு' என்ற உத்தரவு, மருத்துவர் காரணம் எழுதி நீட்டிக்காவிட்டால் 14 நாளில் காலாவதி.

வலி மருந்தின் கதை வேறு. ஹைட்ரோகோடோன் கலந்த கூட்டு மாத்திரைகள் 2014 அக்டோபரில் கடுங்கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாறின. மருத்துவரின் முறையான சீட்டு வராமல் மருந்தகம் வழக்கமாக அனுப்பாது. அவசரமென்றால் மருத்துவரே மருந்தகத்தை அழைக்கலாம். வெள்ளிக்கிழமை இரவில் அவர் கிடைக்க வேண்டுமே! இடுப்பெலும்பு முறிந்து அறுவைக்குப் பின் வந்தவர் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்.

அதனால் விவரமறிந்த நர்ஸ், பாட்டி கிளம்பும் முன்பே மருத்துவமனையை அழைக்கிறார். மருந்துகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்க்கிறார். எத்தனை பக்கம் அச்சானாலும் பல நேரம் அதில் விடை இல்லாத கேள்வி ஒன்றுண்டு: ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைக் கடைசியாக எந்த வேளைக்குக் கொடுத்தீர்கள்? ஏழு மணிக்கு அங்கே ஷிப்ட் மாறிவிடும். கொடுத்தவரை அதற்குள் பிடித்தாக வேண்டும்.