பழைய லேப்டாப்பில் மீடியா சர்வர்: விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு

கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை ஹாலில் உள்ள டிவியில் பார்க்க, ஒவ்வொரு முறையும் பென் டிரைவில் காப்பி செய்து கொண்டு ஓட வேண்டியதில்லை. வீட்டில் வை-பை ரவுட்டர் இருந்தால் போதும். ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு டிவியிலும் போனிலும் எடுத்துப் பார்க்கலாம். இப்படிப் பரிமாறும் கம்ப்யூட்டரைத்தான் மீடியா சர்வர் என்கிறோம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ராசிபுரம் பக்கத்தில் எங்கள் வீட்டில் இந்த வேலையைச் செய்வது, நான் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப்.

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. லேப்டாப்களை வாங்கித் தந்தது எல்காட் நிறுவனம். அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. எங்கள் வகுப்பில் பலரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் ஒரு படி மேலே போய், படம் வைக்க இடம் வேண்டும் என்று அதை அழித்தேவிட்டேன்! பத்து வருடம் கழித்து அதே லினக்ஸிடம் திரும்பி வருவேன் என்று அப்போது தெரியாது.

பின்னாளில் அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 10 ஏற்றினேன். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட்கள் தானாக வராது. (அதன் பிறகு ஓராண்டுக்கு அவற்றைப் பெற, விருப்பப்படுவோர் தனியாகப் பதிந்துகொள்ளும் வசதி தரப்பட்டது.) எப்போதாவது திறக்கும் கம்ப்யூட்டர் என்றால் கொஞ்ச நாள் ஓட்டலாம். பகல் முழுக்க வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் சர்வரை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 சிப் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும் என்கிறது. என் லேப்டாப்பில் இரண்டும் இல்லை. ஆகவே தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது டெபியன் லினக்ஸ் போடுவது என்று முடிவு செய்தேன். இலவசமானது. நான் அன்று அழித்த பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான்.

முதலில் பரணைப் பாருங்கள்

ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுவது வீடு மாறுவது போலத்தான். புது வீட்டுக்கு வெள்ளையடிப்பது பெரிய வேலை இல்லை. பழைய வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. விண்டோஸ் போனால் இன்னொரு சிஸ்டம் போட்டுக் கொள்ளலாம். பைல் போனால் வராது.

எங்கள் லேப்டாப்பில் படங்கள் எல்லாம் டி டிரைவில் இருந்தன. அந்த டிரைவை அப்படியே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து முடித்து, லினக்ஸ் பென் டிரைவைச் செருகப் போனேன். அப்பா கேட்டார்: "காதுகுத்து வீடியோவும் ஏத்திட்டியா கண்ணு?"

2003-ல் என் தங்கைக்கு நடந்த காதணி விழா வீடியோ அது. கடைக்காரர் இரண்டு வீடியோ சிடிகளாகக் கொடுத்தார். அதில் 2009-ல் இறந்துபோன எங்கள் அப்பத்தா மூன்று நிமிடம் பேசுகிறார். அவருடைய குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை. சிடிகளில் ஒன்று எப்போதோ கெட்டுவிட்டது. அதற்கு முன்பே காப்பி செய்து வைத்த பைல் ஒன்றுதான் மிச்சம். டி டிரைவில் தேடினேன், இல்லை. எக்ஸ்டர்னல் டிஸ்கிலும் இல்லை. கடைசியில் டெஸ்க்டாப்பில் 'அப்பா' என்ற போல்டருக்குள் இருந்தது. யாரோ உறவினருக்குக் காட்டுவதற்காக அப்பா அதை அங்கே இழுத்து வைத்திருக்கிறார். நான் இன்ஸ்டாலேஷனில் டிஸ்கை அழிக்கும் பட்டனைத் தட்டியிருந்தால் அப்பத்தா குரல் அன்றே போயிருக்கும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கவனியுங்கள். டெஸ்க்டாப் என்பது திரையில் தெரியும் ஒரு படம் மட்டுமல்ல. அது சி டிரைவில், உங்கள் யூசர் பெயரில் உள்ள போல்டருக்குள் இருக்கும் ஒரு போல்டர். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாம் வழக்கமாக அங்கேதான் இருக்கும். டி டிரைவை மட்டும் காப்பி செய்தால் இவை எதுவும் வராது. ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள். அளவை வைத்துத் தேடுங்கள். விண்டோஸ் 10-ல் 'திஸ் பிசி' திறந்து, தேடல் கட்டத்தில் க்ளிக் செய்தால் மேலே 'சர்ச்' டேப் வரும். அதில் 'சைஸ்' என்ற பட்டியலில் லார்ஜ், ஹ்யூஜ், ஜைஜான்டிக் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். எல்லா டிரைவ்களிலும் உள்ள பெரிய பைல்கள் வந்து நிற்கும். மறந்துபோன வீடியோக்கள் அதில் அகப்படும்.

காப்பி செய்வதிலும் சிக்கல் வரலாம். 2023-ல் நடந்த தங்கை கல்யாண வீடியோ 6 ஜிபிக்கு மேல். பைல் மிகப் பெரியது என்று சொல்லி விண்டோஸ் மறுத்தது. டிஸ்கில் 200 ஜிபி காலி இருந்தும் இப்படி! காரணம், அந்த டிஸ்க் ஃபேட்32 முறையில் பார்மட் செய்யப்பட்டிருந்தது. அந்த முறையில் ஒரு தனி பைல் 4 ஜிபியை எட்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்தால் இந்தத் தடை இல்லை, விண்டோஸும் லினக்ஸும் இரண்டுமே படிக்கும். பார்மட் செய்தால் டிஸ்கில் இருப்பது எல்லாம் அழியும் என்பதால், காலி டிஸ்கில் முதலிலேயே செய்துவிடுங்கள். நான் மறுபடி முதலிலிருந்து காப்பி செய்தேன். ஒரு ராத்திரி போனது.

முடிந்ததும் இரண்டு பக்கத்துப் போல்டர்களிலும் ரைட் க்ளிக் செய்து 'பிராப்பர்டீஸ்' பாருங்கள். பைல்களின் எண்ணிக்கையும் 'சைஸ்' வரியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ('சைஸ் ஆன் டிஸ்க்' வேறுபடலாம், அதை விடுங்கள்.) பிறகு முக்கியமான வீடியோக்களை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள்.

இன்ஸ்டாலேஷன்

இது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். 'சிஸ்டம் டைப்' என்ற இடத்தில் 64 பிட் என்று இருக்கிறதா பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கான இன்ஸ்டாலர் கிடையாது. டெபியன் லைவ் பைலை டவுன்லோட் செய்து, ரூபஸ் என்ற இலவச புரோகிராம் மூலம் பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருந்தவை அழிந்துவிடும். டெஸ்க்டாப் வகையில் எக்ஸ்எப்சிஇ எடுத்தால் பழைய லேப்டாப்பிலும் ஓரளவு வேகமாக ஓடும். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வை-பை, சவுண்ட் இரண்டும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இன்ஸ்டால் செய்யும் முன் எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். எந்த டிஸ்கை அழிக்கலாம் என்று அது கேட்கும்போது, தப்பான டிஸ்க் பட்டியலிலேயே இருக்கக் கூடாது.

டிவிக்கு எடுத்துச் செல்ல

விண்டோஸில் இருந்தபோது விண்டோஸ் மீடியா பிளேயரின் ஸ்ட்ரீமிங் வசதியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. லினக்ஸில் ஜெல்லிபின் போட்டேன். 2018 கடைசியில் எம்பி என்ற மென்பொருளின் மூல நிரல் மூடப்பட்டபோது, அதிலிருந்து பிரிந்து வந்தது இது. இலவசம், கணக்குத் தொடங்கச் சொல்லி வெளியே எங்கும் அனுப்பாது. அதே வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரியையும், முக்காற்புள்ளி வைத்து 8096 என்ற எண்ணையும் கொடுத்தால் திறக்கும். ஆண்ட்ராய்டு டிவிக்கு ஆப் இருக்கிறது. டிவி பழையது, டிஎல்என்ஏ மட்டும்தான் தெரியும் என்றால் மினிடிஎல்என்ஏ என்ற சிறிய புரோகிராம் போதும்.

போல்டரைக் காட்டினேன். ஜெல்லிபின் காலியாகவே நின்றது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக் கொண்டேன். விஷயம் இதுதான்: லினக்ஸில் ஒவ்வொரு பைலுக்கும் யார் படிக்கலாம் என்ற அனுமதி உண்டு. ஜெல்லிபின் தன் பெயரிலேயே ஒரு தனி யூசராக ஓடுகிறது. நானோ படங்களை என் ஹோம் போல்டருக்குள் வைத்திருந்தேன். டெபியனில் ஒருவர் ஹோம் போல்டரை இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது. பூட்டிய அறையில் சாமானை வைத்துவிட்டுப் பந்தி பரிமாறச் சொன்ன கதை. ஹோமுக்கு வெளியே ஒரு போல்டர் உருவாக்கி, எல்லோரும் படிக்கலாம் என்று அனுமதி கொடுத்ததும் வரிசையாக வந்தன.

அடுத்தது வேகம். டிவிக்குப் புரியாத வடிவில் வீடியோ இருந்தால் சர்வர் அதை ஓடும்போதே மாற்றித் தரும். பழைய பிராசஸர் அதற்குள் மூச்சு வாங்கிவிடும், படம் திக்கித் திக்கி ஓடும். எச்.264 வகை எம்பி4 பைலாக இருந்தால் பெரும்பாலான டிவிகள் அப்படியே எடுத்துக் கொள்ளும், சர்வருக்கு வேலையே இல்லை. வீடியோ சிடியில் வரும் டிஏடி பைல்களை எங்கள் டிவி எடுக்கவில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச புரோகிராமில் எம்பி4 ஆக மாற்றினேன். அசல் பைலை அழிக்கவில்லை; நீங்களும் அழிக்காதீர்கள்.

லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடும் என்பதால் பவர் செட்டிங்கில் மூடி வைத்தாலும் ஒன்றும் செய்யாதே என்று மாற்ற வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், ஆனால் ரவுட்டர் அணைந்துவிடுமே! அதற்கும் சின்ன யுபிஎஸ் இருந்தால் நல்லது. லேப்டாப் 20 வாட் எடுப்பதாக வைத்தால், நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்தான். நாங்கள் ராத்திரி அணைத்துவிடுகிறோம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

எங்கள் அப்பாருக்கு (அப்பாவின் அப்பா) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் என்றால் உயிர். 'மந்திரி குமாரி', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இரண்டையும் சிடியாக வாங்கி வைத்திருந்தார். முதலில் அதைத்தான் போடச் சொல்வார் என்று நினைத்தேன். காதுகுத்து வீடியோவைக் கேட்டார். அப்பத்தா பேசும் இடம் வந்ததும் சவுண்டைக் கூட்டச் சொன்னார். முடிந்ததும் "மறுக்காப் போடு" என்றார். நான்கு முறை போட்டோம்.

அந்தப் பைலின் இன்னொரு பிரதி இப்போது திருச்செங்கோட்டில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்த பென் டிரைவில்.