பழைய கார் வாங்கலாமா?

மாடு வாங்கப் போகும் நம்மவரின் கவனத்தைப் பாருங்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறிவர், சுழி பார்ப்பர், நடக்கவிட்டுப் பார்ப்பர், விற்பவர் வீட்டு வைக்கோற் போரையும் ஓரக்கண்ணால் அளந்து, அந்த மாடு உண்டு வளர்ந்ததா, பட்டினி கிடந்து வளர்ந்ததா என்று தெரிந்துகொள்வர். அதே மனிதர் பல இலட்சம் ரூபா கொடுத்துப் பாவித்த மோட்டார்க் கார் ஒன்றை வாங்கச் செல்லும்போது நிறத்தைப் பார்க்கிறார். ஆசனத்தில் ஒருமுறை அமர்ந்து எழும்புகிறார். குளிரூட்டி வேலை செய்கிறதா என்று கேட்கிறார். உடனே விலை பேசத் தொடங்கிவிடுகிறார். மாட்டுக்கு நாளும் தீனி வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். காருக்கும் தீனி உண்டு, அது பெற்றோல் மட்டுமன்று என்பது வாங்கிய பின்னரே தெரியவருகிறது.

பண்டத்தரிப்புச் சந்தியில் ஒரு மாலை நேரம் நின்று பார்த்தால், எமது மக்கள் எத்தனை விதமான கார்களை நம்பி வாழ்கின்றனர் என்பது புலப்படும். 2009இல் போர் முடிந்து ஏ9 வீதி முழுமையாகத் திறந்த பின்னர் ஜப்பானியக் கார்கள் கூட்டமாக வந்தன. அவற்றோடு குத்தகைக் கடன் நிறுவனங்களும் வந்தன. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்தப் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வர 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி விலையேறின. வாங்கிய விலைக்கு மேலாக விற்றவர் பலர். இதனால், காணியைப் போலக் காரும் வைத்திருக்க வைத்திருக்க விலையேறும் என்ற எண்ணம் எம்மவர் மனத்தில் வேரூன்றிவிட்டது. அது பஞ்சகாலத்து விலை. கார் தேயும் பொருள். புதிய காரின் வரிச்சுமை நடுத்தரக் குடும்பத்தின் தோளுக்கு மிஞ்சியது. ஆகவே பாவித்த காரையே நாடுகிறோம். ஓய்வூதியப் பணிக்கொடையும், அடகுக்குப் போன தாலிக்கொடியும், கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய பணமும் சேர்ந்தே அந்தக் கார் முற்றத்துக்கு வருகிறது. தவறிப்போனால் இழப்பது ஒரு காரை மட்டுமன்று.

யாழ்ப்பாணத்தார் கார் பராமரிப்பில் ஒருகாலத்தில் பெரும் புலமை பெற்றிருந்தனர் என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1950களில் பிரித்தானியாவிலிருந்து வந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய கார்கள் குடாநாட்டின் வீதிகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. திருமண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் அவையே வாகனம். 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரும்பொருளானபோது அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை முழக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆதலால் அவை அந்த எரிபொருளைப் பொறுத்துக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எண்ணெயை அடிக்கடி மாற்றினார்கள். கிடைக்காத உதிரிப்பாகத்தை லேத்துப் பட்டறையில் கடைந்தெடுத்தார்கள்.

அந்தக் கார்கள் வாழ்ந்தமைக்குக் காரணம் அவற்றின் இரும்பு மட்டுமன்று. அவை பழுதடைந்த இடத்திலேயே, பக்கத்து ஊர்க் கராஜிலேயே, திருத்தப்படக்கூடியனவாக இருந்தமையே. இன்றைய கார் அப்படியன்று. ஊசியளவான துளைகளால் எரிபொருளைப் பீய்ச்சும் அதன் எஞ்சினைக் கணினி ஆளுகிறது. பழுதைக் கண்டறியவே தனிக் கருவி வேண்டும். ஆகையால் வாங்குபவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, “என்ன விலை?” என்பதன்று, “இதை யார், எங்கே, எத்தனை நாளில் திருத்துவார்?” என்பதே.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தந்தைக்குச் சிறுநீரகம் பழுது; வாரம் இருமுறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் குருதிச் சுத்திகரிப்புக்குச் செல்லவேண்டும். முச்சக்கரவண்டியின் குலுக்கம் அவருக்கு ஆகாது என்பதாற் பிள்ளைகள் ஒரு கலப்பின்னியக் கார் வாங்கினார்கள். பெற்றோல் மிச்சம் என்று தரகர் சொன்னது உண்மைதான். நான்காம் மாதம் அதன் பெரிய பற்றரி களைத்தது, எச்சரிக்கை விளக்கு எரிந்தது, கார் நின்றது. கொழும்பிலிருந்து பாகம் வந்து, பொருத்தி முடிய மூன்று வாரங்களுக்கு மேலாயிற்று. அந்த நாட்களிலெல்லாம் வாடகைக் கார். பற்றரிக்குக் கொடுத்த பணத்திலும் பார்க்க, அதிகாலை ஐந்து மணிக்கு வாடகைக் கார் வருமா வராதா என்று படலையில் நின்ற தாயின் கவலையே பெரிது என்று மூத்த மகள் எம்மிடம் கூறினார்.

இதனாற் கலப்பின்னியக் கார் கூடாது என்பது பொருளன்று. கணக்கைப் பார்ப்போம், தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. ஒரு கார் லீற்றருக்கு 20 கிலோமீற்றரும், சாதாரணக் கார் 13 கிலோமீற்றரும் ஓடுவதாகவும், பெற்றோல் லீற்றர் 300 ரூபா எனவும் கொள்வோம். வருடம் 10,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு முதற் காரில் ஏறக்குறைய 80,000 ரூபா மிச்சம். ஐந்து வருடத்தில் நான்கு இலட்சம். பற்றரி மாற்ற நான்கு இலட்சம் ஆனாலும் கை நட்டமில்லை. ஆனால் மேற்சொன்ன குடும்பத்தின் ஓட்டம் எவ்வளவு? பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல், வாரம் இருமுறை, கோயில், கலியாணம் எல்லாம் சேர்த்தாலும் வருடம் 4,000 கிலோமீற்றர். மிச்சம் 32,000 ரூபா; ஐந்து வருடத்தில் 1,60,000. பற்றரியின் பாதி விலைக்கும் அது போதாது. அயலவருக்கு இலாபமான கார் எமக்கு நட்டமாவது இப்படித்தான். மாணவர்கள் வீட்டுக் காருக்கு இந்தக் கணக்கைச் செய்து பார்க்கலாம். பாடப்புத்தகக் கணக்கை விடச் சுவையாக இருக்கும்.

எமது மண்ணுக்குரிய சில தொல்லைகளும் உண்டு. மாதகற் கடற்காற்று உப்பைக் கொண்டுவருகிறது. ஆகவே காரின் மேற்பூச்சைப் பாராது அடிப்பாகத்தைப் பார்க்கவேண்டும். கறள் அங்கேதான் குடியிருக்கும். அடியில் மட்டும் புதுக் கறுப்பு வர்ணம் பூசியிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். அடுத்தது கிணற்று நீர். வலிகாமத்து நிலத்தடி சுண்ணாம்புக் கல். எமது கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே றேடியேற்றரின் குழாய்களிலும் படிந்து அடைக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். நிறமுள்ள குளிர்திரவம் இருந்தால் நல்லது. செங்கறள் நிற நீர் இருந்தால் முன்னைய உரிமையாளர் எத்தகையவர் என்பது தெரிந்துவிடும். புழுதி மூன்றாவது. பல கலப்பின்னியக் கார்களில் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பின்னாசனத்தருகேயுள்ள துளை வழியாகச் செல்கிறது. அதன் வடிகட்டி புழுதியால் அடைபட்டாற் பற்றரி சூடேறி விரைவில் முதுமையடையும். அதைச் சுத்தஞ் செய்யச் சிறிது நேரமே போதும், செய்பவர் சிலரே.

பார்வையிடுவது காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இருக்கட்டும். நீங்கள் வருமுன்னரே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை நம்பவேண்டாம். மிதிகளின் தேய்வையும் சுக்கானின் வழவழப்பையும் நம்புங்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. ஆசனப் பட்டியை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியிற் சேற்றுக் கோடு தெரிந்தால், 2016 மே மாதத்திற் கொழும்பை மூழ்கடித்தது போன்ற ஏதோவொரு வெள்ளத்தில் அந்தக் கார் நின்றிருக்கக்கூடும். வெள்ளத்தில் நின்ற காரின் மின்கம்பிகள் ஆண்டுக்கணக்காகத் தொல்லை தரும்.

இனி, பெரிதும் விவாதிக்கப்படும் விடயத்துக்கு வருவோம். முகவர் நிறுவனத்தின் பணிமனையில் விடுவதா, ஊர்க் கராஜில் விடுவதா? முகவரிடம் கூலி அதிகம்; பாகங்களின் விலையும் அதிகம். அந்த மேலதிகப் பணத்துக்குக் கிடைப்பது என்ன என்பதே கேள்வி. சரியான கருவி, அசல் பாகம், எழுத்திலான பதிவு ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. எஞ்சின் எண்ணெய் மாற்றவும், பிறேக் கட்டைகள் போடவும், ரயர் மாற்றவும் இவை பெரிதும் வேண்டியதில்லை. கைதேர்ந்த எமது ஊர் மெக்கானிக் இவற்றை நன்றாகவே செய்வார். அசல் பாகத்தை நாமே வாங்கிக் கொடுத்தாற் போதும். ஆனாற் கலப்பின்னியப் பற்றரி, கணினிப் பழுது, படியில்லாத தானியங்கிக் கியர்ப் பெட்டி ஆகியவற்றை ஊகத்திற் திருத்த இடங்கொடுக்கக்கூடாது. அந்தக் கியர்ப் பெட்டிக்கு உரிய எண்ணெய் அன்றி வேறொன்றை ஊற்றினால் சில நூறு ரூபா மிச்சம் பிடிக்கப் போய்ப் பெட்டியையே இழக்க நேரிடும்.

முகவரிடம் சென்றே ஆகவேண்டிய இன்னொரு காரியமும் உண்டு. தகாத்தா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பைகளில், ஊதச்செய்யும் இரசாயனம் நீண்டகால வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் கெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்தது. உலகெங்கும் ரொயோட்டா, ஹொண்டா, நிசான் உட்படப் பல கோடிக் கார்கள் திருப்பியழைக்கப்பட்டன. 2017இல் அந்த நிறுவனம் முறிந்தது. எமது காலநிலையோ அந்த இரசாயனத்துக்கு மிகவும் ஆகாதது. 2000களிலும் 2010களின் முற்பாதியிலும் செய்யப்பட்ட காரை வாங்குபவர், அதன் செசி இலக்கத்தை முகவரிடம் கொடுத்து, திருப்பியழைப்பு உண்டா, வேலை செய்து முடிக்கப்பட்டதா என்று கேட்டறிவது உயிர்க்காப்பாகும்.

முகவரின் விலைப்பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டியதில்லை. கார் செய்தவர் கொடுத்த கைநூலே நீதிபதி. எத்தனை கிலோமீற்றரில் எதை மாற்றவேண்டும் என்று அது சொல்கிறது. அதில் இல்லாத கழுவல்களும் கலவைகளும் பட்டியலில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி சொல்லுங்கள். இவ்வாறு கேட்பவரை நல்ல பணிமனைகள் மதிக்கின்றன. ஊர்க் கராஜிலும் இதையே கேட்கலாம். “தம்பி நம்மட பிள்ளை” என்று கணக்குக் கேளாமல் விடுவது எம்மவர் வழக்கம். கணக்கு எழுதினால் அந்தத் தம்பிக்கும் நல்லது. வீட்டில் ஒரு கொப்பியில் திகதி, ஓடிய தூரம், செய்த வேலை, கொடுத்த பணம் ஆகிய நான்கையும் ஒரு பிள்ளை எழுதிவரட்டும். நாளை காரை விற்கும்போது அந்தக் கொப்பி தரகரின் வாயை அடைக்கும்.

விலை பேசி முடிந்தாலும் முற்பணம் கொடுக்குமுன் பதிவுச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் காரில் உள்ளவற்றோடு ஒத்திருக்கவேண்டும். முற்று உரிமையாளர் என்ற இடத்திற் குத்தகை நிறுவனத்தின் பெயர் இருந்தாற் கடன் இன்னும் தீரவில்லை. தீர்ந்தமைக்கான கடிதமின்றிப் பணம் கொடுக்கக்கூடாது. முன்னைய உரிமையாளர் கையொப்பமிட்ட வெற்றுப் பத்திரங்களோடு நாலு கைமாறி வரும் கார்களும் உண்டு. மலிவாக இருக்கும். அந்த முதற் கையொப்பக்காரர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்று விற்பவரைக் கேளுங்கள். விடை தெளிவாக வராவிட்டால், வந்த வழியே வீடு திரும்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு காரைப் பார்க்கலாம்.