ஒன்பதாம் நம்பர் செய்த வேலைகள்

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும் மாதத்தில்தான் எங்களுக்கும் சீசன் சூடு பிடிக்கும். முதலில் குறுவட்டம், ஜெயித்தால் மாவட்டம், அப்புறம் மாநிலம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுதான் ஐ.பி.எல்., இதுதான் என்.பி.ஏ. எல்லாம். நான் இங்கே பெண்கள் பாஸ்கெட்பால் டீமைப் பார்த்துக்கொள்ளும் பி.டி. டீச்சர். இந்த வருஷம் குறுவட்டத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்திலேயே எங்கள் ஒன்பதாம் நம்பர் ரீபவுண்டுக்கு எம்பி, ஒற்றைக் காலில் இறங்கினாள். யாரும் இடிக்கவில்லை. முட்டி உள்பக்கமாக மடங்கியது. “உள்ளே டொக்னு ஒரு சத்தம் கேட்டுச்சு மிஸ்” என்றாள்.

அவள் அம்மா தறி ஓட்டுகிறவர். “நகரி தாண்டினா புத்தூர். கட்டு போட்டுக் கூட்டியாந்துடறேன் டீச்சர்” என்றார். எங்கள் பக்கத்தில் கை கால் பிசகினால் முதலில் வாயில் வருவது புத்தூர் கட்டுதான். பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டுவார்கள். அதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டிப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் சத்தம் கேட்டது என்று அவள் சொன்னதுமே எனக்கு எலும்பு என்று தோன்றவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று பிடிவாதமாக நின்றேன். ஜவ்வு கிழிந்திருந்தது. விளையாட்டுக்காரர்கள் ஏ.சி.எல். என்பார்கள், கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் முட்டிக்குள் இழுத்துப் பிடித்திருக்கும் ஜவ்வு அது. முழுதாக அறுந்தால் தானாக ஒட்டுவது அபூர்வம். ஆபரேஷன், அதற்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதம் என்றார் டாக்டர்.

மற்ற பிள்ளைகள் என்னைத் தேற்ற ஐ.பி.எல். கதை ஒன்று சொன்னார்கள். 2023 மார்ச் 31, அகமதாபாத்தில் முதல் ஆட்டம். சென்னைக்கு எதிராக குஜராத்தின் கேன் வில்லியம்சன் பவுண்டரியில் சிக்ஸரைத் தடுக்க எம்பி விழுந்து முட்டியைப் போக்கிக்கொண்டார். சீசனே முடிந்தது. அவருக்குப் பதிலாக அன்றைக்கு இறங்கியவர் நம் சென்னைப் பையன் சாய் சுதர்சன். ஃபைனலில் அதே சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தார். “அந்த மாதிரி ஒருத்தி வருவா மிஸ்.”

நல்ல கதைதான். ஆனால் பாஸ்கெட்பாலுக்கு இது உதவாது என்பது என் கட்சி. கிரிக்கெட்டில் ஒருவர் போனால் இன்னொருவர் அதே கிரீஸில் நின்று பந்தைச் சந்திக்கலாம். இங்கே ஐந்து பேரும் ஒரே பந்தை நம்பி ஒரே நேரத்தில் ஓடுகிறவர்கள். ஒன்பதாம் நம்பர் எடுக்கும் புள்ளி மட்டும் நமக்குத் தெரிகிறது. அவளை மறிக்க எதிரணி இரண்டு பேரை நிறுத்தும். அதனால் மற்ற நால்வரில் ஒருத்தி சும்மா நிற்பாள், சுலபமாக லே-அப் போடுவாள். பந்து சிக்கிக்கொண்டால் எல்லாரும் அவள் கையைத் தேடுவார்கள். அவள் போனால் மற்ற நால்வரின் ஆட்டமும் சேர்ந்து குறையும். இன்னொரு உயரமான பெண்ணைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தினால் அவளும் திணறுவாள், டீமும் திணறும்.

இதற்குச் சரியான பாடம் என்.பி.ஏ. பாஸ்கெட்பால் லீகின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி. 2017ல் கோர்டன் ஹேவர்டை நான்கு வருஷத்துக்கு 12.8 கோடி டாலர் பேசிக் கூட்டி வந்தார்கள். முந்தைய சீசனில் யூட்டா அணிக்கு ஆட்டத்துக்கு 21.9 புள்ளி எடுத்தவர். அக்டோபர் 17, கிளீவ்லாந்தில் சீசனின் முதல் ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே, மேலே வந்த பந்தைப் பிடிக்க எம்பியவர் கோணலாக விழுந்தார். இடது கணுக்கால் பிசகி, கால் எலும்பும் முறிந்தது. அந்த ஆட்டம் தோல்வி; அடுத்ததும் தோல்வி. அதன்பின் தொடர்ந்து 16 வெற்றி! கோச் பிராட் ஸ்டீவன்ஸ் ஹேவர்டின் வேலையை ஒருவர் தலையில் கட்டவில்லை. 19 வயது ஜேசன் டேட்டமுக்கும் 20 வயது ஜேலன் பிரவுனுக்கும் நேரத்தை அள்ளிக் கொடுத்தார். முந்தைய வருஷம் ஆட்டத்துக்கு 6.6 புள்ளி எடுத்த பிரவுன் 14.5க்கு ஏறினார். அதைவிட முக்கியம், தற்காப்பில் லீகின் முன்வரிசைக்கு வந்தார்கள். கூடையில் போடுவதற்குத் தனித் திறமை வேண்டும். மறிப்பதற்கு ஓட மனசும் பேச்சும் போதும், அதை ஐந்தாகப் பங்கு போடலாம். 55 வெற்றி, 27 தோல்வி. பிளே-ஆஃபில் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போய்த்தான் தோற்றார்கள்.

எல்லா டீமுக்கும் இப்படி அமையாது. அதே லீகில் அடுத்தடுத்து ஐந்து வருஷம் ஃபைனல்ஸ் ஆடிய கோல்டன் ஸ்டேட் அணி, 2019 அக்டோபர் 30ல், சீசனின் நான்காவது ஆட்டத்தில் ஸ்டீபன் கரியை இழந்தது. இடது கை முறிவு. பங்கு போட்டுக் கொடுக்க ஆளே மிச்சமில்லை: கிளே தாம்சன் ஏ.சி.எல். கிழிந்து உட்கார்ந்திருந்தார், கெவின் டுரான்ட் வேறு அணிக்குப் போயிருந்தார். 15 வெற்றி, 50 தோல்வி, லீகிலேயே கடைசி. அந்தக் கஷ்ட காலத்தில் அடி வாங்கிக் கற்றுக்கொண்ட ஜோர்டன் பூல் என்ற புதுப் பையன், 2022ல் அவர்கள் கோப்பை வென்றபோது முக்கியமான ஆள்.

டுரான்ட் கதையை ஒன்பதாம் நம்பரிடம் தனியாகச் சொன்னேன். மாநில அளவில் ஆடிய சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் என்ற கணக்கு அவளுக்கு. “நீ கேப் போட்டுட்டு நின்னா மட்டும் போதும்னு ஒரு அக்கா சொன்னாங்க மிஸ்” என்றாள். கேப் என்றால் முட்டிக்கு மாட்டும் உறை. 2019 ஃபைனல்ஸில் கெண்டைக்கால் காயத்தோடு ஒரு மாதம் வெளியே இருந்த டுரான்ட் ஐந்தாவது ஆட்டத்துக்குத் திரும்பினார். 12 நிமிடத்தில் 11 புள்ளி. அதோடு குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை. உலகத்து டாக்டர்களெல்லாம் கூட இருந்த மனிதருக்கே அப்படி.

எங்கள் டீமில் உயரத்தை நம்பும் ஆட்டத்தை விட்டோம். ஒன்பதாம் வகுப்புக் குட்டிகள் இருவரைப் பந்து கொண்டுபோக விட்டு, முழு மைதானத்திலும் எதிரணியை மறிக்கும் ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டோம். ரீபவுண்டுக்கு ஐந்து பேரும் உள்ளே வர வேண்டும் என்பது சட்டம். குறுவட்டம் ஜெயித்தோம். மாவட்டத்தில் அரையிறுதியில், ஆள் ஆளுக்கு ஃபவுல் ஏறி, தோற்றோம். பெஞ்சில் ஸ்கோர் ஷீட் எழுதிய ஒன்பதாம் நம்பர்தான், எதிரணி எப்போதும் வலது பக்கமாகவே உடைக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னாள்.

பெண்களுக்கு இந்த ஜவ்வு ஆண்களைவிட அதிகமாகக் கிழிகிறது. இடுப்பு அமைப்பு, தசை பலம், இறங்கும் விதம் என்று காரணங்கள் பல. இறங்கும் விதத்தை மட்டும் நாம் மாற்றலாம். இரண்டு காலிலும், முட்டியை மடக்கி, உள்பக்கம் சாய விடாமல் இறங்கப் பழக்கினால் பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. எங்களுடையது சிமெண்ட் தரை. அதனால் தினமும் பந்தைத் தொடுமுன் இதுதான். பிள்ளைகளுக்குப் படு போர்.

ஒன்பது மாதம் முடியும்போது அவள் பிளஸ் டூவில் காலெடுத்து வைத்திருப்பாள். “பப்ளிக் எக்ஸாம் வருஷம், கிரவுண்டெல்லாம் வேண்டாம் டீச்சர்” என்கிறார் அம்மா. அந்த வருஷத்தையும் விட்டால் சர்டிபிகேட்டுக்கு வேறு வாய்ப்பு இல்லை என்கிறேன் நான். இப்போதைக்கு சாயந்திரம் ஒரு மணி நேரம் என்ற அளவில் பேரம் நிற்கிறது.