காணொளிப் பாடங்களுக்கான திரைப்பதிவு மென்பொருள் தேர்வு: ஒலித்தடம் சார்ந்த அணுகுமுறை

ஆய்வுச் சுருக்கம்

கணினித் திரையைக் காட்டிக் குரலால் விளக்கும் காணொளிப் பாடங்களை உருவாக்குவோர், மென்பொருளைப் பெரும்பாலும் படத்தின் தெளிவைக் கொண்டே தேர்கின்றனர். பதிவுக்குப் பின் திருத்தவும் வேறு மொழிக்குப் பெயர்க்கவும் இயலுமா என்பதை ஒலி பதியப்படும் முறையே தீர்மானிக்கிறது. குரலையும் கணினியின் உள்ளொலியையும் தனித்தனித் தடங்களில் பதியும் வசதியை முதன்மை அளவுகோலாகக் கொண்டு, வழக்கிலுள்ள சில மென்பொருள்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திரைப்பதிவு, ஒலித்தடம், காணொளிப் பாடம், ஒத்திசைவு, குரல் மாற்றம்

முன்னுரை

தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சிடுதல், பழைய எழுத்துருவில் உள்ள கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுதல், மின்னூலகத்தில் நூல் தேடுதல் போன்றவற்றை எழுத்தால் விளக்குவதைக் காட்டிலும் திரையில் செய்து காட்டுவது எளிது. ஆகவே, இத்தகைய பாடங்களைத் தாமே பதிவு செய்யும் ஆசிரியர்கள் பெருகி வருகின்றனர். மென்பொருளைத் தேடும்போது அவர்கள் முதலில் வினவுவது படத்தின் தெளிவைப் பற்றியே. இவ்வினாவில் பிழையில்லை. எனினும், 1280×720 படப்புள்ளி அளவிலேனும் பதியாத மென்பொருள் இன்று அரிது. படத்தில் ஓரிடம் தவறினால் அப்பகுதியை மட்டும் மீண்டும் பதிந்து ஒட்டலாம். குரலும் பிற ஒலிகளும் ஒரே தடத்தில் கலந்துவிட்டாலோ, அவற்றைப் பின்னர் பழுதின்றிப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

படத்தைப் பொறுத்தவரை தமிழுக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. சிறிய எழுத்தில் பதிந்து, கோப்பின் அளவைக் குறைக்க மிகுதியாகச் சுருக்கினால் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி மறைந்துவிடும். ‘க்’ என்பது ‘க’ ஆகத் தோன்றும். தட்டச்சுப் பாடத்தில் இது சிறு குறையன்று. பதிவுக்கு முன் திரையின் எழுத்தளவைப் பெரிதாக்கிக்கொள்வதே இதற்கு எளிய தீர்வு. இதற்கெனத் தனி மென்பொருள் தேவையில்லை.

ஒலி மூலங்களும் தடங்களும்

திரைப்பதிவில் ஒலி இரு வழிகளில் வருகிறது. ஒன்று, ஒலிவாங்கி வழியே வரும் ஆசிரியரின் குரல். மற்றொன்று, கணினியில் இயங்கும் நிரல் எழுப்பும் உள்ளொலி. தட்டச்சுப் பாடத்திற்கு முதலாவது மட்டும் போதும். ஒலியியல் பாடத்திற்கு இரண்டும் இன்றியமையாதவை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போயர்ஸ்மா, டேவிட் வீனிங்க் ஆகியோர் உருவாக்கிய பிராட் என்னும் ஒலிப்பாய்வு மென்பொருளில் ல, ள, ழ ஆகியவற்றின் ஒலிப்பு வேறுபாட்டை ஆசிரியர் ஒருவர் காட்டுவதாகக் கொள்வோம். மாணவர் முதலில் மாதிரி ஒலியைக் கேட்க வேண்டும். பின்னர் ஆசிரியரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும்.

அறையின் மின்விசிறி இரைச்சலைக் குறைக்க ஆசிரியர் இரைச்சல் நீக்கியைப் பயன்படுத்துகிறார் எனில் சிக்கல் தொடங்குகிறது. இரு ஒலிகளும் ஒரே தடத்தில் இருந்தால், நீக்கி ஆசிரியரின் குரலோடு மாதிரி ஒலியையும் மாற்றிவிடும். ‘ழ’கரத்தின் அதிர்வெண் அமைப்பை விளக்கும் பாடத்தில் அவ்வமைப்பே சிதைந்து ஒலிக்குமாயின் பாடத்தின் நோக்கம் கெடுகிறது. இரண்டும் தனித்தனித் தடங்களில் இருந்தால் குரலை மட்டும் தூய்மை செய்து, மாதிரியைத் தொடாமல் விடலாம்.

மென்பொருள்கள்

விண்டோஸ் இயங்குதளத்துடன் வரும் எக்ஸ்பாக்ஸ் கேம் பார், விளையாட்டுகளைப் பதிவதற்காக எழுந்தது. அது ஒரு நிரலின் சாளரத்தை மட்டுமே பதியும். மேசைத்திரையையோ கோப்பு உலாவியையோ பதியாது. ஒரு கோப்பை எழுத்துரு மாற்றியில் இட்டு, விளைவை வேறொரு நிரலில் திறந்து காட்டும் பாடத்திற்கு இது பயன்படாது.

மேக் கணினியில் உள்ள குயிக்டைம் பிளேயர் எளிமையானது. ஆனால் அதன் திரைப்பதிவு ஒலிவாங்கியின் ஒலியை மட்டுமே ஏற்கும். உள்ளொலி வேண்டுமெனில் பிளாக்ஹோல் போன்ற மெய்நிகர் ஒலிக்கருவியை நிறுவி ஒலியைத் திருப்பிவிட வேண்டும். கணினிப் பழக்கம் குறைந்தோர்க்கு இது சிரமமே.

டெக்ஸ்மித் நிறுவனத்தின் கேம்டேசியா கட்டண மென்பொருள். விண்டோஸ், மேக் ஆகியவற்றுக்கு மட்டும் கிடைக்கிறது. திரை, குரல், உள்ளொலி, ஆசிரியரின் முகப்படம் ஆகியவற்றைப் பிரித்தே வைப்பதும், பதிவும் தொகுப்பும் ஒரே இடத்தில் நிகழ்வதும் இதன் சிறப்புகள். நிறுவனமே உரிமத்தை வாங்கித் தருமாயின் இதைத் தேர்வதில் தடையில்லை. ஆசிரியர் தம் கைப்பொருளைச் செலவிட்டு வாங்கும் அளவிற்கு இன்றியமையாததன்று.

ஓபிஎஸ் ஸ்டுடியோ, விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும் கட்டற்ற மென்பொருள். ஆறு ஒலித்தடங்கள் வரை தனித்தனியே பதியவல்லது. ஆயின் நிறுவியவுடன் இவ்வசதி கிட்டாது. வெளியீட்டு அமைப்பை மேம்பட்ட நிலைக்கு மாற்றி, பதிய வேண்டிய தடங்களைக் குறித்து, எந்த ஒலி எந்தத் தடத்திற்குச் செல்ல வேண்டும் என்பதையும் குறிக்க வேண்டும். இதனை அறியாது பதிந்துவிட்டுத் தடங்கள் பிரியவில்லை என வருந்துவோர் உளர். நேரடி ஒளிபரப்பை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட இதன் முகப்பு முதல் நாளில் மருட்டும். ஒருமுறை அமைத்துவிட்டால் மீண்டும் தொட வேண்டியதில்லை.

லினக்ஸில் சிம்பிள்ஸ்கிரீன்ரெக்கார்டர் பெயருக்கேற்ப எளிமையானது. எனினும் அது எக்ஸ்11 காட்சி அமைப்பைச் சார்ந்தது. வேலண்டு அமைப்புக்கு மாறிய புதிய பதிப்புகளில் ஓபிஎஸ் பாதுகாப்பான தேர்வாகும்.

பதிவின் பாதுகாப்பும் ஒத்திசைவும்

நாற்பது நிமிடப் பாடம் முடியும் தறுவாயில் மின்சாரம் நின்றால் நேர்வது கோப்பின் வடிவத்தைப் பொறுத்தது. வழக்கமான எம்பி4 கோப்பு, தன் உள்ளடக்கக் குறிப்பைப் பதிவின் முடிவிலேயே எழுதுகிறது. இடையில் அறுந்தால் முழுக் கோப்பும் திறவாமற் போகலாம். எம்கேவி வடிவில் அறுந்த இடம் வரையிலான பகுதி எஞ்சும். ஓபிஎஸ் இவ்வடிவில் பதிந்து, பின்னர் தரம் குன்றாமல் எம்பி4-ஆக மாற்றித் தரும். மின்தடை வழக்கமான ஊர்களில் இவ்வொரு வசதியே தேர்வுக்குப் போதிய காரணமாகும்.

குரலும் படமும் மெல்ல விலகிச் செல்வது மற்றொரு குறை. நொடிக்குரிய சட்டகங்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் பதிவுகளைச் சில தொகுப்பு மென்பொருள்கள் சரியாகக் கையாளாமையே இதற்குப் பெரிதும் காரணம். சட்டக வீதம் மாறாது பதியும் மென்பொருளைத் தேர்வது நன்று. ஒலியின் மாதிரி வீதத்தையும் இயங்குதளத்திலும் மென்பொருளிலும் ஒன்றாகவே, பொதுவாக 48,000 ஹெர்ட்ஸ் என, வைத்தல் வேண்டும்.

புளூடூத் காதணிக் கருவியின் ஒலிவாங்கியைத் தவிர்ப்பது நலம். அதன் ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும் இணைப்பு பெரும்பாலும் தொலைபேசித் தரத்திற்கு, அதாவது 8,000 அல்லது 16,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்திற்கு இறங்கிவிடும். சில நூறு ரூபாய் விலையுள்ள கம்பி ஒலிவாங்கியைச் சட்டையில் பொருத்திப் பதிந்தால் இதைவிடத் தெளிவாக ஒலிக்கும்.

தமிழ்த் தொடரமைப்பும் திரை நிகழ்வும்

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், ஏறத்தாழ பத்து நிமிட அளவிலான திரைப்பதிவுப் பாடங்களை ஆங்கிலத்தில் உருவாக்கி, படத்தை மாற்றாது குரலை மட்டும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மாற்றி வழங்குகிறது. திரையில் காண்பது ஒரு நிரலிலும் சொல்வது ஒரு நிரலிலுமாக அதன் எழுத்துவடிவம் அமைகிறது. குரல் தனியே நிற்பதனாலேயே இம்முறை இயல்கிறது.

இம்முறையில் தமிழ்க் குரல் தருவோர் எதிர்கொள்ளும் சிக்கல் தொடரமைப்பில் உள்ளது. ஆங்கிலத்தில் ‘இன்ன விசையை அழுத்துக’ என்பது முன்னும், ‘கோப்பைச் சேமிப்பதற்கு’ என்னும் நோக்கம் பின்னும் வருவது இயல்பு. தமிழில் ‘கோப்பைச் சேமிக்க, இன்ன விசையை அழுத்துக’ என நோக்கமே முன்வரும். வினைமுற்று இறுதியில் நிற்கும். ஆங்கிலக் குரலுக்கேற்பப் பதிந்த படத்தில் தொடரின் நடுவிலேயே விசை அழுத்தப்பட்டுவிடுகிறது. தமிழ்க் குரல் நோக்கத்தைக் கூறி முடிப்பதற்குள் திரையில் செயல் முடிந்துவிடும். மாணவர் எதைப் பார்க்க வேண்டும் என அறியுமுன் பார்க்க வேண்டியது கடந்துபோகும்.

இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. தொடரை இரண்டாக உடைத்து, ‘இன்ன விசையை அழுத்துக. கோப்பு சேமிக்கப்படும்’ எனக் கூறலாம். எல்லா இடத்திலும் இவ்வாறு உடைத்தால் உரை தந்தி நடையாகிவிடும். மற்றொன்று, செயலுக்கு முந்தைய சட்டகத்தை ஓரிரு நொடி உறையச் செய்து படத்தை நீட்டுவது. தனித் தடத்தில் உள்ள குரலைத் தொடாமலே இதனைச் செய்யலாம். தமிழிலேயே முதலில் பதிவோர்க்கு மூன்றாம் வழியும் உண்டு: செயப்படுபொருளைச் சொல்லும்போது சுட்டியை அவ்விடத்திற்கு நகர்த்தி, வினைமுற்றில் சொடுக்குதல்.

ஒரே தடத்தில் கலந்து பதியப்பட்ட பழைய பாடங்களுக்கு இவ்வசதி இல்லை. அவற்றில் குரலை மாற்ற முனைந்தால் உள்ளொலியும் உடன் நீங்கும். ஆகவே பிராட் பாடம் போன்றவற்றில் மாதிரி ஒலிகளையும் தேடி எடுத்து உரிய இடங்களில் மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும்.